ஓடும் வண்டிக்கு ஒரு பெட்டி



வீட்டில் ஓர் அலமாரி செய்கிறவருக்கு இரண்டு கவலைகள் போதும். வேண்டிய பொருள் அதில் கொள்ளுமா என்பது ஒன்று. பார்வைக்கு நன்றாக அமையுமா என்பது மற்றொன்று. வீட்டின் தரை ஆடுவதில்லை. சுவர் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே தட்டின்மேல் வைத்த செம்பு, எடுக்கும் வரையில் வைத்த இடத்திலேயே இருக்கும். ஓடும் வண்டிக்குள் அலமாரி அமைக்கப் புகுந்தவனுக்கோ இந்த நிம்மதி கிடையாது. அங்கே தரையே ஓடுகிறது, திரும்புகிறது, திடீரென்று நிற்கிறது. அலமாரிக்குள் இருக்கும் பொருளுக்கு அது நின்றுவிட்ட செய்தி உடனே எட்டுவதில்லை.

பொருளின் இந்தப் பிடிவாதத்துக்கு நம் பாடநூல்கள் நிலைமம் என்று பெயரிட்டிருக்கின்றன. நியூட்டனின் முதல் விதி என்று நீங்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் இதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆயினும், அதை உள்ளபடி கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். கற்பித்தது ஒரு தோசைக்கல். அந்தக் கதையையும், அதற்குப் பின் நான் செய்துகொண்ட பெட்டிகளின் கதையையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் தமக்கையார் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற இயலாதவர். சர்க்கரை நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். கடலோர ஊர்களையும் மலையடிவாரத்து ஊர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விடுதிகளில் அறை தேடி மாடிப்படி ஏறுவது அவரால் ஆகாது. அதற்காகவே 2021ஆம் ஆண்டில் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாங்கினேன். மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டிய பாத்திரம், துணி, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொண்டு, இரவில் அதற்குள்ளேயே படுக்கவும் வசதி செய்துவிடலாம் என்பது என் திட்டம்.

ஆம்னி வேனை அறியாதவர்கள் நம் ஊர்களில் இல்லை. 1984இல் முதலில் சாலைக்கு வந்து, 2019இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில், பள்ளிப் பிள்ளைகளையும் பூக்கூடைகளையும் நோயாளிகளையும் சுமந்து ஓடிய வண்டி அது. நீளம் 3,370 மில்லிமீட்டர், அகலம் 1,410, உயரம் 1,640. இது வெளியளவு. உள்ளே கிடைக்கும் இடம் ஒரு பெரிய கட்டிலைவிடச் சற்றே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய இடத்தில் வாழ்க்கை நடத்தப் பெட்டிகள் செய்வதைப் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் செய்தது பெரிய பிழை. வீட்டு அலமாரியின் நினைவிலேயே, பின் இருக்கைக்குப் பின்னால் கூரையை ஒட்டி நிற்கும்படி, 110 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அலமாரி செய்வித்தேன். உறுதியாக இருக்க வேண்டும் என்று 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகையை வாங்கினேன். எட்டடிக்கு நாலடி அளவுள்ள அப்பலகை ஒன்றே ஏறத்தாழ 33 கிலோ இருக்கும். அலமாரி முடிந்தபோது, உள்ளே ஒரு கரண்டிகூட வைப்பதற்கு முன்னமே, அதன் எடை 45 கிலோவை எட்டியிருந்தது. உட்கார்ந்தபடியே எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கதவுகளை முன்புறம், அதாவது பின் இருக்கையைப் பார்த்தபடி வைத்தேன். அடிக்கடி தேவைப்படும் பாத்திரங்களை மேல்தட்டில் அடுக்கினேன். பின்னால் வரும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்க்க முடியாதபடி அலமாரி மறைத்ததைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை. இத்தனை தவறுகளையும் ஒரே மரச்சாமானில் அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும் போலும்!

புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். ஆரியங்காவைக் கடந்து தென்மலையை நோக்கி இறங்குகையில் ஒரு வளைவில் எதிரே ஒரு சுமைலாரி வந்தது. நான் தடையை அழுத்தினேன். வேகம் அப்போது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் இராது. வண்டி நின்றது; அலமாரிக் கதவுகள் படீரென்று திறந்துகொண்டன. மூன்று கிலோ எடையுள்ள இரும்புத் தோசைக்கல் மேல்தட்டிலிருந்து புறப்பட்டு, என் தமக்கையாரின் காதோரமாகச் சென்று, முன்னிருக்கையின் முதுகில் மோதி அவர் காலடியில் விழுந்தது. அதன் பின்னே இரண்டு கிண்ணங்களும் வந்தன.

அவருக்கு அடிபடவில்லை. என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சிறிது நேரம் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அப்பா வண்டியில ஒரு செம்பு உருண்டு பார்த்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே ஊர் திரும்பினோம். அதன் பிறகு அந்த வண்டியில் ஏற அவர் ஒப்பவில்லை; முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டார்.

அந்தத் தோசைக்கல்லின் கணக்கை அன்றிரவே போட்டுப் பார்த்தேன். வண்டி தடையால் நின்றது. ஆகவே கல்லுக்கும் வண்டிக்கும் இருந்த வேக வேறுபாடு குறைவு. நம் கைக்கெட்டும் உயரத்திலிருந்து ஒரு கல் விழுந்தால் எவ்வளவு அடியோ அதற்கும் சற்றுக் குறைந்த அடிதான் அது. ஆனால் வண்டி அந்த லாரியின்மீதே மோதி நின்றிருந்தால்? மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த வேகத்தை ஒரு பொருள் விழுந்து பெற வேண்டுமானால் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அஃதாவது, இரண்டாம் மாடிச் சாளரத்திலிருந்து தோசைக்கல்லை ஒருவர் தலையில் போடுவதற்கு அது சமம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் உயரம் 14 மீட்டராகிறது. வேகம் ஒன்றரை மடங்கு. உயரமோ இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். பதினோராம் வகுப்புச் சூத்திரம் போதும்.

தமக்கையார் குறிப்பிட்ட அப்பா வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிசல் மண்ணில் எங்கள் கிராமம். அந்நாளில் ஊரும் கோயிலும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன; 2019இல்தான் தென்காசி மாவட்டத்துக்கு வந்தன. ஆடி மாதத்து உத்திராட நாளில் சங்கரன்கோவிலில் கோமதியம்மனின் தபசுக் காட்சி நடைபெறும். சிவனும் திருமாலும் ஒருவரே என்று காணத் தவமிருந்த அம்மைக்குச் சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்த நாள் என்பது ஐதிகம். சுற்றுக் கிராமத்தார் பருத்தியும் மிளகாயும் தவசமும் கொண்டுவந்து அம்மனுக்குச் சூறையிடுவார்கள். அதற்காக வரும் கூண்டு வண்டிகள் தெருவெங்கும் நிற்கும். எங்கள் வண்டியும் அவற்றுள் ஒன்று. இரண்டு நாள் அதிலேதான் எங்கள் குடித்தனம்.

இரட்டைச் சக்கர மாட்டுவண்டியில் பொருள் ஏற்றுவது ஒரு தனிக் கல்வி. முன்பாரம் என்றும் பின்பாரம் என்றும் இரண்டு சொற்களை எங்கள் தந்தையார் ஓயாமல் சொல்லுவார். பாரம் முன்னே சாய்ந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே சாய்ந்தால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு மாடுகளின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். ஆகவே கனமான மூட்டைகள் அச்சுக்கு நேர் மேலே, தட்டோடு தட்டாகக் கிடக்க வேண்டும். அதன்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் சமுக்காளம், சமுக்காளத்தின்மேல் நாங்கள். பண்டத்தையும் படுக்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இந்த ஏற்பாட்டைத்தான் இன்று உலகமெங்கும் வேன்களில் வீடு அமைப்பவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர்ப் பானை வைக்கோலில் முறுக்கிய பிரிமணையின்மேல் உட்காரும். பாத்திரங்கள் பருத்திக்கொட்டைச் சாக்குக்குள் புதைந்து கிடக்கும். உருள இடமும் இராது, ஓசையும் எழாது. மாட்டுக்கு வேண்டிய வைக்கோல் வண்டியின் அடியில் கட்டிய கயிற்று வலையில். தயிர்ச் சட்டி மட்டும் கூண்டின் வளைவில் தொங்கும் உறியில் இருக்கும். அது எவ்வளவு ஆடினாலும் தயிர் சிந்தியதில்லை. ஏன்? வண்டி முன்னே பாயும்போது உறி பின்னே சாய்கிறது; நிற்கும்போது முன்னே சாய்கிறது. சாயும் உறியோடு சட்டியும் சேர்ந்தே சாய்வதால், சட்டிக்குள் இருக்கும் தயிருக்கு எப்போதும் அடிப்பக்கமே கீழ்ப்பக்கமாக இருக்கிறது. தட்டின்மேல் வைத்த சட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், கூரையை முட்டும் அலமாரி ஒன்றை எப்படிச் செய்தேன் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

வண்டிக்குள் அடுக்கி வைக்கும் கலையில் தமிழ்நாட்டில் நடந்த மற்றொரு முயற்சியும் அப்போது நினைவுக்கு வந்தது. 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர். அரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்ததும் அதே 1931இல்தான். நகரத்து நூலகத்துக்கு வர இயலாத சிற்றூர் மக்களிடம் நூலையே கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வண்டி. இந்தச் செய்தியைப் பெரும்பாலும் கல்வி வரலாற்றில் சொல்லுவார்கள். நான் அதைத் தச்சு வேலையின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய நூல்கள் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். அப்படிப் பல வரிசைகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, காவிரிப் பாசனத்து வண்டிப்பாதைகளில், வாய்க்கால் மேடு பள்ளங்களில் இழுத்துச் செல்ல வேண்டும். நூல்கள் சரியக் கூடாது, நனையக் கூடாது, மாட்டின் கழுத்தும் ஒடியக் கூடாது. ஊருக்குள் நின்றதும் எந்த நூலும் எளிதில் கைக்கு எட்ட வேண்டும். இந்தப் பணிக்கு ஒரு பொறியாளர் முன்வந்தது பொருத்தமே என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம், வோல்க்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கத்தக்க ஒரு முகாம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர் முடிந்து பொருள் நெருக்கடி தீராத காலம். சிறு வணிகர் ஒருவர் வாரநாட்களில் சரக்கு ஏற்றிய அதே வேனில், விடுமுறை நாளில் இந்தப் பெட்டியை ஏற்றிக் குடும்பத்தோடு வெளியூர் போகலாம். திரும்பியதும் இறக்கி வைத்துவிடலாம். வண்டியை வீடாக மாற்றாமல், வீட்டைப் பெட்டியாக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

நமக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. ஏனெனில் நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் தம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே இருக்கையைப் பிடுங்குவது, கூரையை வெட்டுவது, தரையில் துளையிடுவது என்று தொடங்கினால் பதிவுச் சான்றிதழுக்கும் வண்டிக்கும் பொருத்தம் இல்லாமல் போய்விடும். இரண்டு ஆட்கள் கால் மணி நேரத்தில் ஏற்றி இறக்கத்தக்க பெட்டிகளைச் செய்வதென்று முடிவு செய்தேன்.

பெரிய அலமாரியைப் பிரித்துப் போட்டோம். எங்கள் தெரு ஆசாரி, "சார், இதை மொதல்லயே சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க," என்றார். மரியாதையான மனிதர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

புதிய பெட்டிகள் மூன்று. ஒவ்வொன்றும் 36 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் ஆழம், 38 சென்டிமீட்டர் உயரம். மூன்றும் பின் இருக்கைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கமாக உட்காரும். உயரத்தை இஷ்டப்படி வைக்கவில்லை. இருக்கையின் முதுகை மடக்கினால் எவ்வளவு உயரம் வருகிறதோ அதற்குச் சரியாக வைத்தோம். இரவில் இருக்கையை மடக்கி, பெட்டிகளின்மேல் இரண்டு பலகைகளைப் பரப்பி மெத்தை போட்டால் என் மனைவியும் தமக்கையாரும் படுக்கலாம். எனக்குச் சத்திரத்துத் திண்ணையும் நாடாக்கட்டிலும் உண்டு.

பலகையின் கனத்தை 9 மில்லிமீட்டராகக் குறைத்தோம். மூலைகளில் ஓரங்குலச் சட்டம் கொடுத்து, பசையும் திருகாணியும் சேர்த்து இறுக்கினார் ஆசாரி. ஒரு பெட்டியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். ஆகவே பலகையின் எடை ஐந்தரைக் கிலோ. பழைய 18 மில்லிமீட்டர்ப் பலகையில் செய்திருந்தால் 11 கிலோ ஆகியிருக்கும். பெட்டியின் உறுதி பலகையின் கனத்தைவிட மூலைகளின் இணைப்பைப் பொறுத்தது என்று ஆசாரி சொன்னார். சொன்னதோடு நில்லாமல் முடிந்த பெட்டியின்மேல் ஏறி நின்றும் காட்டினார். பெட்டிக்குள் பண்டம் வைத்தபின் 15 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று ஒரு விதியை எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம்.

அடுத்து வந்தது, பெட்டியின் வாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்னும் கேள்வி. மேல்மூடி வைத்தால் படுக்கையைப் பிரித்தால்தான் எடுக்க முடியும். முன்புறக் கதவின் பலனைத் தோசைக்கல் காட்டிவிட்டது. ஆகவே இழுப்பறைகளாகச் செய்து, அவை வண்டியின் பின்கதவைப் பார்த்துத் திறக்கும்படி வைத்தோம். தடை அழுத்தும்போது உள்ளிருக்கும் பொருள்கள் முன்னோக்கிப் பாய விரும்பும்; அங்கே இருப்பது பெட்டியின் முதுகுப் பலகை. எவ்வளவு வேகமாக நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு இழுப்பறை தானாகவே இறுக மூடிக்கொள்கிறது. ஆபத்தை உண்டாக்கும் விசையே கதவைப் பூட்டவும் உதவுகிறது.

ஆனால் ஏற்றத்தில் ஏறும்போது இழுப்பறை பின்னோக்கி நழுவும் அன்றோ? அதற்குத் தாழ்ப்பாள் எதுவும் வாங்கவில்லை. இழுப்பறையின் அடியில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, அது பெட்டியின் சட்டத்தில் விழுந்து உட்காரும்படி ஆசாரி செய்துவிட்டார். சற்றே தூக்கி இழுத்தால்தான் வரும். நழுவ முயன்றால் தன் எடையாலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு ஆன செலவு உளிக்கு ஐந்து நிமிடம்.

பெட்டிகளைத் தரையோடு எப்படிப் பிடித்து வைப்பது? கடுமையாகத் தடை அழுத்தினால், ஒரு பொருளின் எடையில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு விசை அதை முன்னே தள்ளும். மூன்று பெட்டியும் சேர்ந்து 45 கிலோ என்றால் 30 கிலோவுக்கு மேற்பட்ட தள்ளல். மோதலில் இது பல மடங்காகப் பெருகும். லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டும் பற்சக்கர வார்ப்பட்டைகள் இரண்டை வாங்கி, மூன்று பெட்டிகளையும் ஒன்றாக இறுக்கி, ஏற்கெனவே தரையில் முடுக்கப்பட்டிருக்கும் இருக்கைச் சட்டத்தோடு பிணைத்தேன். அடியில் பழைய டயர்க் குழாயை வெட்டி விரித்தேன்.

உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க எங்கள் ஊரே உதவியது. சங்கரன்கோவில் விசைத்தறி ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து, ஒவ்வொரு தடவையும் அதற்குரிய பெட்டிக்குள் போய் நிற்கிறது. அது உடையாமல் நிற்பதற்கு அங்கே தோல் வைத்திருப்பார்கள். பாய்ந்து வரும் பொருளை நாளெல்லாம் நிறுத்திக்கொண்டிருக்கும் அந்தத் தோல்துண்டுகளில் தேய்ந்து கழித்தவற்றைக் கேட்டு வாங்கி, இழுப்பறைகளின் உள்முனையில் அறைந்தேன். தறிக்கூடத்துக் கழிவுத் துணியைப் பாத்திரங்களுக்கிடையே திணித்தேன். பருத்திக்கொட்டைச் சாக்கின் வேலையை இப்போது அதன் நூல் செய்கிறது.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். சிறிய வண்டிக்குள் ஒரு பொறி போதும். ஆகவே வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதில்லை என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்திருக்கிறேன். பின்கதவைத் திறந்து, அடுப்பை இறக்கி, மரத்தடியில் வைத்துத்தான் சமையல். ஐந்து கிலோ உருளையை நிமிர்த்தியபடியே ஒரு மரக்கூட்டில் நிறுத்தி, அக்கூட்டின் அடியில் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறோம். பயணத்தில் அதன் பக்கத்துச் சாளரம் திறந்தே இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக யோசிக்க வைத்தது இன்சுலின் மருந்து. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் 30 பாகை வெப்பத்துக்கு மேல் இருக்கலாகாது. வெயிலில் அடைத்து நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டிவிடும். பனிக்கட்டிப் பெட்டி வாங்கலாமென்றால், பனிக்கட்டியோடு நேரே ஒட்டி உறைந்துவிட்டாலும் அம்மருந்து கெட்டுப்போகும். என்ன செய்வதென்று தமக்கையாரிடமே கேட்டேன். வண்டியைப் பற்றி அவர் பேசியது பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான். "உறி கட்டு," என்றார்.

மருந்தை மூடியுள்ள சிறு எவர்சில்வர்த் தூக்கில் வைத்து, தூக்கைச் சுற்றி ஈரத்துணி சுற்றி, சாளரத்தருகே குட்டையான உறியில் தொங்கவிட்டோம். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வெளியே 36 பாகை வெயிலடித்த ஒரு நாளில், எங்கள் ஊரின் உலர்ந்த காற்றில், தூக்குக்குள் வைத்த வெப்பமானி 26 காட்டியது. பின்னர்க் கன்னியாகுமரியில், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்ததால், 29க்குக் கீழே இறங்கவில்லை. கரிசல் காட்டில் நன்றாகக் குளிர்விக்கும் கருவி கடற்கரையில் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. வெப்பமானி இல்லாமல் இதை நம்பியிருந்தால் மற்றொரு தோசைக்கல்லைச் செய்தவனாகியிருப்பேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை நடத்தினேன். பெட்டிகளில் பண்டத்தின் எடைக்குச் செங்கல் அடுக்கி, பெட்டி நிற்கும் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஆளில்லாத காட்டுப்பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டித் தடையை முழுவதும் அழுத்தினேன். இறங்கிப் பார்த்தால் பெட்டிகள் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை முன்னே வந்திருந்தன. வார்ப்பட்டை புதிது, முதல் இழுப்பில் நீண்டுவிட்டது. மீண்டும் முடுக்கினேன்; மீண்டும் ஓட்டினேன். மூன்றாம் தடவை கோடு அப்படியே இருந்தது. வரப்போரம் நிழலில் நாற்காலி போட்டுத் தமக்கையார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் தடவைக்குச் செங்கல்லை இறக்கச் சொல்லிவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு வந்து பின் இருக்கையில் தாமே ஏறி உட்கார்ந்தார்.

2022ஆம் ஆண்டு தை மாதத்தில் திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி சென்று, கடலோரமாகத் திருச்செந்தூருக்கு வந்து ஊர் திரும்பினோம். நான்கு நாட்கள். எதுவும் உருளவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஓர் எலுமிச்சம்பழம் இருக்கைக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

பெட்டிகளைச் சதுரமாகச் செய்துவிட்டோம். வண்டியின் பக்கச் சுவரோ சக்கரத்துக்கு மேலே வளைந்து உள்ளே புடைத்திருக்கிறது. அதனால் இடப்புறத்தில், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கோணல்மாணலான ஓர் இடுக்கு மிஞ்சிவிட்டது. அதில் அடங்குமாறு ஒரு மரப்பெட்டி செய்ய ஆசாரி மூன்று முறை அளவெடுத்தும் கைவிட்டார். திரும்பி வரும் வழியில் உடன்குடியில் தமக்கையார் கருப்பட்டி வாங்கினார். அதைப் போட்டுக் கொடுத்த பனையோலைப் பெட்டியை எங்கே வைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் அதை அந்த இடுக்கில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஓலை வளைந்து கொடுத்து, சுவரையும் பெட்டியையும் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சங்கரன்கோவில் வந்து அதை வெளியே எடுப்பதற்குத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.